அமைச்சர் பட்டியலில் அந்தப் பெயர் வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊழல் வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலான ஒரு எம்.எல்.ஏ.வை அமைச்சரவையில் சேர்க்கப் போகிறார்கள் என்று எங்கள் பக்கம் பலமான பேச்சு. குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள், மீனவர்கள், சில வக்கீல்கள் சேர்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஆளுநரிடம் மனு கொடுப்பதா, கோர்ட்டுக்குப் போவதா? இதற்கெல்லாம் பலன் உண்டா?"

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம் சொல்கிறேன். ஆளுநருக்குக் கொடுக்கும் மனு வீண். கோர்ட்டு உதவும், ஆனால் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற வழியில் இல்லை. ஒருவரை அமைச்சராக்குவதும் ஆக்காமல் விடுவதும் முதலமைச்சர் ஒருவர் கையில்தான் இருக்கிறது, சட்டம் வேண்டுமென்றே அதை அவரிடம் விட்டிருக்கிறது, ஆகவே உங்கள் கையெழுத்து இயக்கம் அவருடைய கணக்கைக் கலைக்கிற மாதிரி இருந்தால் பலிக்கும், இல்லையென்றால் எத்தனை கையெழுத்து வாங்கினாலும் பழைய பேப்பர் கடைக்குத்தான்.

ஆளுநர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அரசியலமைப்பின் 164ஆவது பிரிவுப்படி முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார், மற்ற அமைச்சர்களை முதலமைச்சரின் ஆலோசனைப்படி நியமிப்பார். அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் ஆளுநர் நடக்க வேண்டும் என்று 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. தமிழ்நாட்டிலேயே இதை இரண்டு தடவை சோதித்துப் பார்த்தாயிற்று. 2023 ஜூன் 14ஆம் தேதி செந்தில் பாலாஜியை அமலாக்கத் துறை கைது செய்தது. ஜூன் 29ஆம் தேதி ஆளுநர் ஆர்.என்.ரவி அவரை அமைச்சர் பதவியிலிருந்து நீக்குவதாக அறிவித்தார், அன்றைக்கு இரவே அதை நிறுத்தி வைத்தார். அவர் அதற்குப் பிறகும் பல மாதம் இலாகா இல்லாத அமைச்சராகவே இருந்தார். அடுத்தது பொன்முடி. சொத்துக் குவிப்பு வழக்கில் 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, 2024 மார்ச் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது, முதலமைச்சர் மறுபடி அமைச்சராக்கச் சொன்னார், ஆளுநர் மறுத்தார். மார்ச் 21ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆளுநரைக் கடுமையாகக் கேட்டது, மறுநாளே பொன்முடி பதவியேற்றார். இத்தனை பெரிய ஆட்களின் விஷயத்திலேயே இப்படி என்றால் உங்கள் மனு கிண்டி ஆளுநர் மாளிகையில் என்ன செய்துவிடும்? அப்படியே ஆளுநர் தடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் எனக்கு உடன்பாடில்லை, ஓட்டுப் போட்டு நாம் அனுப்பிய சபைக்குப் பொறுப்பில்லாத ஒருவர் இன்றைக்கு நமக்குப் பிடிக்காதவரை நிறுத்தினால் நாளைக்கு யாரை நிறுத்துவார் என்று சொல்ல முடியாது.

சரி, கோர்ட்டு. இங்கேதான் வக்கீல் நண்பர்கள் ரிட் போடலாம், கோ வாரண்டோ போடலாம் என்று ஆசை காட்டுவார்கள். "எந்த அதிகாரத்தில் நீ இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய்" என்று கேட்கிற ரிட் அது, யார் வேண்டுமானாலும் போடலாம், பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. அது ஜெயித்த வழக்கும் நம்முடையதுதான். அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் தண்டனை பெற்று, நான்கு தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான ஜெயலலிதாவுக்கு 2001 மே 14ஆம் தேதி ஆளுநர் பாத்திமா பீவி முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். பி.ஆர்.கபூர் என்பவர் போட்ட வழக்கில் செப்டம்பர் 21ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த நியமனம் செல்லாது என்றது, ஓ.பன்னீர்செல்வம் முதல் தடவை முதலமைச்சரானது அன்றைக்குத்தான். ஆனால் ஏன் ஜெயித்தது என்று பாருங்கள். அவர் மேல் குற்றச்சாட்டு இருந்ததற்காக இல்லை, தண்டனை வந்துவிட்டது, தண்டனையால் தேர்தலில் நிற்கிற தகுதியே போய்விட்டது, எம்.எல்.ஏ. ஆக முடியாதவர், எம்.எல்.ஏ. இல்லாமலே ஆறு மாதம் பதவியில் இருக்கலாம் என்கிற சலுகையைப் பிடித்துக்கொண்டு முதலமைச்சராக முடியாது என்பதற்காக.

நீங்கள் சொல்கிறவருக்கு தண்டனை வரவில்லை. குற்றப்பத்திரிகைதான். அதற்குப் பதில் 2014 ஆகஸ்ட் 27ஆம் தேதி மனோஜ் நரூலா வழக்கில் வந்துவிட்டது. 2004இல் மன்மோகன் சிங் அமைச்சரவையில் கிரிமினல் வழக்கு உள்ளவர்களைச் சேர்த்ததை எதிர்த்துப் போட்ட மனு அது, பத்து வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சட்டத்தில் இல்லாத ஒரு தகுதியிழப்பை நாங்கள் புதிதாகச் சேர்க்க முடியாது, ஆனால் கடுமையான குற்றச்சாட்டு பதிவானவர்களைப் பிரதமரும் முதலமைச்சர்களும் அமைச்சராக்க மாட்டார்கள் என்று அரசியலமைப்பு அவர்கள் மேல் நம்பிக்கை வைத்திருக்கிறது என்று சொல்லி முடித்தார்கள். அதாவது புத்திமதி. உத்தரவு இல்லை. செந்தில் பாலாஜி இலாகா இல்லாமல் அமைச்சராக இருந்ததை எதிர்த்த வழக்கிலும் 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏறக்குறைய இதையேதான் சொன்னது, அதனால் எந்தப் பயனும் இல்லை, முதலமைச்சர் முடிவெடுக்கட்டும் என்று. உங்கள் ரிட்டும் அங்கேதான் போய் நிற்கும்.

ஆனால் அதே செந்தில் பாலாஜி விஷயத்தில் அப்புறம் நடந்ததை நிறைய பேர் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 2024 செப்டம்பர் 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 29ஆம் தேதி மறுபடி அமைச்சர், கையில் அதே மின்சாரம், அதே மதுவிலக்கு ஆயத்தீர்வை. டிசம்பரில் ஜாமீன் கொடுத்த நீதிபதிகளே, நாங்கள் ஜாமீன் கொடுக்கிறோம், நீங்கள் போய் அமைச்சராகிவிடுகிறீர்கள், சாட்சிகள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்கள். 2025 ஏப்ரலில் பதவியா சுதந்திரமா, நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். ஏப்ரல் 27ஆம் தேதி ராஜினாமா. 2014இல் அமைச்சராவதைத் தடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், சாட்சி என்கிற ஒரே நூலைப் பிடித்து 2025இல் ஒரு அமைச்சரை வீட்டுக்கு அனுப்பியது. போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கியதாக வழக்கு, பணம் கொடுத்ததாகச் சொல்கிறவர்கள் சாதாரண ஆட்கள், அரசு ஊழியர்கள், அவர்கள் ஒரு அமைச்சருக்கு எதிராகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். இது எந்த நீதிபதிக்கும் புரியும்.

அதனால் உங்கள் ஆள் ஜாமீனில் இருக்கிறாரா, ஜாமீன் நிபந்தனை என்ன, வழக்கின் சாட்சிகள் யார் யார், அவர்கள் எந்தத் துறையில் வேலை பார்க்கிறார்கள், இதைத் தேடுங்கள். பாதிப் பேர் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். தேர்தலில் நின்றபோது அவரே கொடுத்த 26ஆம் எண் படிவப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும், அதில் வழக்கு எண், எந்த நீதிமன்றம், என்ன பிரிவு, குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா எல்லாம் அவர் கையெழுத்தோடு இருக்கும். அந்த எண்ணை வைத்து, நீதிமன்ற வழக்கு விவரம் தருகிற ஈகோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தா வரைக்கும் பார்க்கலாம். எதிர்க்கட்சிக்காரர் மேடையில் சொன்னதை விட இது ஆயிரம் மடங்கு பலமான காகிதம்.

இங்கே ஒரு கேள்வி வரும், வர வேண்டும்: வழக்கு இருந்தாலே ஒருவர் அமைச்சராகக் கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் ஆட்சி மாறினால் முதல் வேலையே முன்னாள் அமைச்சர்கள் வீட்டுக் கதவை லஞ்ச ஒழிப்புத் துறை தட்டுவதுதான், அதில் எது நிஜ வழக்கு எது பழிவாங்கல் என்று தீர்ப்பு வரும் வரைக்கும் சொல்ல முடியாது. 2ஜி வழக்கில் ஆ.ராசா 2010 நவம்பரில் பதவி விலகினார், சிறைக்குப் போனார், 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. டான்சியிலும் கடைசியில் விடுதலைதான். வெறும் எஃப்.ஐ.ஆர். போதும் என்று சட்டம் போட்டால் ஒரு இன்ஸ்பெக்டரை வைத்தே ஒரு அமைச்சரவையைக் கலைத்துவிடலாம். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. மறுபடி ஆட்சி மாறும்போது அதே லஞ்ச ஒழிப்புத் துறை திடீரென்று மேல் விசாரணை செய்தேன், ஆதாரம் இல்லை என்று வந்து நிற்கும், அரசு வக்கீல் ஆட்சேபணை இல்லை என்பார், வழக்கு காற்றில் போகும். 2023 ஆகஸ்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்போதைய அமைச்சர்கள் சிலர் வழக்கிலிருந்து வெளியே வந்த விதத்தைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே அந்தக் கோப்புகளை மறுபடி எடுத்தது இதனால்தான். எனவே நீங்கள் எழுத வேண்டிய வாதம் "அவர் கெட்டவர்" என்பது இல்லை. அவரைக் குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டிய போலீஸும் வக்கீலும் எந்த அரசுக்குக் கீழே வேலை பார்க்கிறார்களோ அந்த அரசிலேயே அவர் உட்காரப் போகிறார் என்பதுதான். இதற்குக் கட்சிக்காரர்களிடம் பதில் கிடையாது. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், பேச்சை மாற்றுவார்கள்.

இப்போது முதலமைச்சர் கணக்குக்கு வருகிறேன். பொதுமக்கள் எதிர்ப்பு எப்போது வேலை செய்திருக்கிறது, எப்போது செய்யவில்லை என்று பார்த்தால் நியாயத்தின் அளவை வைத்து அது நடப்பதாகத் தெரியவில்லை. உத்தரப் பிரதேசத்து லக்கிம்பூர் கேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபர் 3ஆம் தேதி விவசாயிகள் மேல் கார் ஏறியது, குற்றம் சாட்டப்பட்டவர் மத்திய உள்துறை இணை அமைச்சர் அஜய் மிஸ்ராவின் மகன். நாடு முழுக்க விவசாயிகள் அமைச்சரை நீக்கு என்றார்கள், நாடாளுமன்றம் நடக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. 2022இல் சட்டமன்றத் தேர்தல் வந்தது, அந்த மாவட்டத்தின் எட்டுத் தொகுதியும் பா.ஜ.க.வுக்கு. அதற்குப் பிறகு யார் நீக்குவார்கள்? 2024 மக்களவைத் தேர்தலில் அவர் தோற்ற பிறகுதான் பதவி போனது. இதற்கு நேர்மாறு பீகார். 2020 நவம்பரில் நிதீஷ் குமார் மேவாலால் சவுத்ரி என்பவரைக் கல்வி அமைச்சராக்கினார், அவர் மேல் வேளாண் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்தபோது ஆள் எடுத்ததில் முறைகேடு என்று வழக்கு. மூன்றே நாள், ராஜினாமா. பல்கலைக்கழக நியமனத்தில் வழக்கு உள்ளவருக்குக் கல்வித் துறையா என்ற ஒரு வரியை யாராலும் சமாளிக்க முடியவில்லை. லக்கிம்பூரில் செத்த உயிர்களோடு ஒப்பிட்டால் பீகார் விஷயம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் பீகாரில் பலித்தது, லக்கிம்பூரில் பலிக்கவில்லை.

நம் பக்கத்துக் கதையும் உங்களுக்கு நினைவிருக்கும். 2017 ஏப்ரல், ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். ஓட்டுக்குப் பணம் என்று ஊரே சிரித்தது, அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் வீட்டில் வருமான வரிச் சோதனை, அங்கே கிடைத்த காகிதங்களில் 89 கோடி ரூபாய் கணக்கு இருந்ததாகச் செய்தி, தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. அமைச்சர் பதவி விலகினாரா? இல்லை, ஆட்சி முடியும் வரைக்கும் அமைச்சராகவே இருந்தார். பிப்ரவரியில் 122 ஓட்டில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தப்பிய அரசு அது, ஐந்தாறு எம்.எல்.ஏ. கோபித்துக்கொண்டு போனால் ஆட்சி கவிழும், அந்த நிலையில் கொருக்குப்பேட்டையிலும் புது வண்ணாரப்பேட்டையிலும் மக்கள் என்ன நினைத்தார்கள் என்பது யாருக்குக் கவலை? ஆக, முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான். முதலமைச்சரிடம் தாராளமாகப் பெரும்பான்மை இருக்கிறதா, அல்லது உங்கள் ஆள் பின்னால் பத்துப் பேரை வைத்துக்கொண்டு மிரட்டுகிறாரா? 234 பேர் சபையில் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேருக்கு மேல் அமைச்சராக முடியாது, 2003இல் வந்த 91ஆவது திருத்தம் 15 சதவீதம் என்று கட்டிப்போட்டுவிட்டது. அந்த நாற்காலிக்கு மாவட்டத்துக்கு இரண்டு பேராவது அதே கட்சியில் காத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் எதிர்ப்பு நிஜமாக உதவுவது அவர்களுக்கு. பகுதிச் செயலாளர், வட்டச் செயலாளர் யாராவது உங்கள் மனுவை ரகசியமாக வாங்கி மேலே அனுப்பினால் ஆச்சரியப்படாதீர்கள், அதைப் பார்த்துச் சங்கடப்படவும் வேண்டாம். 2025 ஏப்ரலில் பொன்முடி பேசிய ஆபாசப் பேச்சுக்கு வெளியே எத்தனை பேர் திட்டினார்கள், ஆனால் கட்சியின் எம்.பி. கனிமொழியே வெளிப்படையாகக் கண்டித்த அன்றைக்குத்தான் துணைப் பொதுச்செயலாளர் பதவி போனது, அந்த மாதம் முடிவதற்குள் அமைச்சர் பதவியும் போனது. அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி, பெண்கள் ஓட்டு. கணக்கு சுலபம்.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி. அங்கே அதிபர் பெயரைச் சொன்னாலும் செனட் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கும், 2024 நவம்பரில் டிரம்ப் பெயர் சொன்ன மேட் கேட்ஸ் அட்டர்னி ஜெனரல் பதவி வேண்டாம் என்று தானே விலகியது அந்தக் கேள்விகளுக்கு முன்பே. நமக்கு அப்படி ஒரு இடைவெளியே இல்லை. மாலை பட்டியல் வரும், காலை பதவியேற்பு. அதனால் எதிர்ப்பு வதந்திக் கட்டத்திலேயே, பெயர் வெளியே வருவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். பதவியேற்ற பிறகு முதல் வாரம் இன்னொரு வாய்ப்பு. அதையும் விட்டால் முதலமைச்சருக்கு அது கௌரவப் பிரச்சினை ஆகிவிடும், நீக்கினால் தோற்றதாக அர்த்தம்.

அப்புறம், கோரிக்கையைச் சுருக்குங்கள். நீங்கள் அனுப்பிய மனு நகலில் பதினோரு குற்றச்சாட்டு இருக்கிறது, அதில் அவர் மச்சான் கட்டிய கல்யாண மண்டபம் வரைக்கும் வருகிறது. யார் படிப்பார்கள்? 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம் சின்னகுப்பம் ஜனங்கள் ஆலை வாசலில் உட்கார்ந்து கேட்டது ஆலையை மூடு என்ற ஒன்றைத்தான், அந்த ஒன்றைச் சுற்றித்தான் அரசும் பசுமைத் தீர்ப்பாயமும் பதில் சொல்ல வேண்டி வந்தது. உங்களுடையதும் அப்படி இருக்கட்டும். வழக்கு முடியும் வரை அமைச்சர் பதவி வேண்டாம் என்பது முதல் கோரிக்கை. அது நடக்காவிட்டால், வழக்கோடு தொடர்புள்ள துறை அவருக்குக் கூடாது என்பது இரண்டாவது. முதலமைச்சர்கள் பெரும்பாலும் முதலாவதை மறுத்துவிட்டு இரண்டாவதை விட்டுக்கொடுப்பார்கள், இரு தரப்பும் முகம் காத்துக்கொள்ளலாம் என்பதால். அவருக்கு ஒப்பந்ததாரர்களோடு வழக்கு என்றால் நெடுஞ்சாலையும் நகராட்சி நிர்வாகமும் போகக் கூடாது. நம் பகுதிக்கு மின்சாரம், சுற்றுச்சூழல், மீன்வளம், வாழ்விட மேம்பாட்டு வாரியம் எல்லாமே உயிர்ப் பிரச்சினை, அத்திப்பட்டு அனல் மின் நிலையச் சாம்பலிலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வரைக்கும் அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறோம், ஆகவே எந்தத் துறை என்பதைப் பற்றி வடசென்னைக்காரன் பேசினால் அதற்கு எடை உண்டு.

சுவரொட்டி ஒட்டப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். "ஊழல்வாதி", "கொள்ளைக்காரன்" எல்லாம் எடுத்துவிடுங்கள், தண்டனை வராதவரை அப்படிப் போட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆவது பிரிவில் அவதூறு வழக்கு வரும், அச்சகத்துக்காரரும் சேர்ந்து அலைவார். வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தின் பெயரையும் மட்டும் போடுங்கள், அதுவே போதுமான அளவு குத்தும். தங்கசாலை மணிக்கூண்டிலோ திருவொற்றியூர் தேரடியிலோ கூட்டம் போடுவதானால் சென்னை போலீஸ் சட்டம் 41ஆவது பிரிவில் ஐந்து நாள் முன்னாடியே அனுமதி கேட்டு எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். அனுமதி மறுத்தால் அப்போது ஹைகோர்ட்டுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது, அந்த வழக்கில் நீங்கள் ஜெயிக்கிற வாய்ப்பும் அதிகம்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த 130ஆவது திருத்த மசோதா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் குழுவில் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஐந்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றத்துக்காக 30 நாள் தொடர்ந்து காவலில் இருந்தால் 31ஆம் நாள் அமைச்சர் பதவி போகும் என்கிற மசோதா அது. விசாரணை முடிவதற்கு முன்பே, கைது செய்கிற ஏஜென்சியின் கையில் ஒரு மாநில அரசைக் கொடுக்கிற வேலை என்பது என் கருத்து. அதை விடுங்கள், உங்கள் ஆள் வெளியில்தான் இருக்கிறார், அந்த மசோதா சட்டமானாலும் அவரைத் தொடாது.

ஒரு சின்ன விஷயம், பழைய வண்ணாரப்பேட்டை வழியாகப் போகும்போது தியாகராயா கல்லூரியைப் பார்ப்பீர்கள். 1920இல் நீதிக்கட்சி ஜெயித்தபோது முதன்மை அமைச்சராகச் சொல்லி ஆளுநர் வில்லிங்டன் கூப்பிட்டும் வேண்டாம் என்றவர் அந்தத் தியாகராயர், சுப்பராயலு ரெட்டியார்தான் ஆனார். உங்கள் மேடைப் பேச்சாளர்கள் யாருக்காவது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

மனுவை ஒரே பக்கத்தில் எழுதி, பிரமாணப் பத்திரத்தின் அந்த ஒரு பக்க நகலை இணைத்து, கோட்டையில் முதலமைச்சர் அலுவலகத்திலும் கட்சித் தலைமை அலுவலகத்திலும் ஒரே நாளில் கொடுங்கள். கட்சி அலுவலகப் பிரதிதான் முக்கியம். கையெழுத்துப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்து, வாக்குச்சாவடி எண்ணோடு வையுங்கள், மொத்த எண்ணிக்கையைப் பார்த்து அவர்கள் அசர மாட்டார்கள், எந்த பூத்தில் எத்தனை பேர் என்று பார்த்தால் உடனே உட்கார்ந்து எண்ணுவார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு மறுநாள் கொடுத்தால் போதும்.